களத்துமேட்டில் பீடிக்கட்டு: கூலியுடன் புகையிலை கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தும் விதம்

நமது செங்கல்பட்டு ஜில்லாவில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று பட்டங்களிலும் நெல் சாகுபடி நடைபெறுகிறது. ஏரிப் பாசனக் கிராமங்களில் நடவும் களையெடுப்பும், மேட்டு நிலங்களில் நிலக்கடலை பறித்தலும், மாமல்லபுரத்தை அடுத்த மணற்பாங்கான கரையோரத்தில் சவுக்கு வெட்டுதலும் வருஷம் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வருகின்றன. அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்ட போதிலும், மூட்டை பிடிக்கவும் ஏற்றவும் ஆட்கள் வேண்டியிருக்கின்றனர். இவ்வேலைகளுள் எதற்கு ஆள் அமர்த்தினாலும், கூலியும் சாப்பாடும் பேசி முடித்தபின், பீடி வெற்றிலைச் செலவென்று ஒரு சிறு தொகையையோ, பொருளாகவே ஒரு பீடிக்கட்டையும் வெற்றிலை பாக்குப் புகையிலையையுமோ சேர்த்துக் கொடுப்பது நம் கிராமங்கள் பலவற்றில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். இதனை எவரும் தீய வழக்கமென்று எண்ணுவதில்லை. கொடாதவரையே கருமி என்பர்.

இவ்வழக்கத்தால் நம் கிராமங்களுக்கு விளையும் நஷ்டம் யாது என்பதையும், நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அதனை நிறுத்துவதற்குச் செய்யக்கூடியவை யாவை என்பதையும் ஈண்டுக் கூறுவோம். விதை, எரு, பூச்சி மருந்து ஆகியவற்றைப் பற்றி எழுதவேண்டிய இப்பத்திரிகையில் பீடியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவலாம். சாகுபடிக்கு வேண்டிய சாதனங்களுள் முதன்மையானது ஆள். உழவு மாட்டுக்குக் கழுத்துப்புண் வந்தால் நுகத்தை மாற்றுகிறோம். ஆளின் நெஞ்சு புண்ணாவதற்கு ஏதுவான பொருளை நம் கையாலேயே கொடுத்து வருகிறோம். ஆதலின் இது விவசாய விஷயமே என்பது எமது துணிபு.

செடியின் குணம்

புகையிலை நம் தேசத்துச் செடி அன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய இச்செடியைப் போர்ச்சுகீசியர் கப்பல் வழியாக இங்குக் கொணர்ந்தனர். அதன் பழக்கம் வெகு விரைவில் பரவவே, ஜஹாங்கீர் சக்கரவர்த்தி 1617-ஆம் வருஷத்திலேயே புகை குடிப்பதைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். ஆணை மறைந்தது, பழக்கம் நிலைத்தது.

கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவை சேர்ந்த குடும்பத்தையே புகையிலையும் சேர்ந்தது. அதன் வேரில் நிகோடின் என்னும் நஞ்சு உற்பத்தியாகி இலைக்கு ஏறுகிறது. தன் இலையைத் தின்னவரும் பூச்சிகளைக் கொல்லுதற்கென்று செடி வைத்துக்கொண்டிருக்கும் ஆயுதம் அது. அசுவினியை ஒழிப்பதற்காகப் புகையிலைக் கஷாயம் காய்ச்சித் தெளித்த குடியானவர்கள் இதனை நன்கு அறிவர். கஷாயம் கையில் பட்டால் தலை சுற்றும். நிகோடின் ஸல்பேட் என்ற பெயரில் முன்னாளில் விற்கப்பட்ட பூச்சிமருந்தை நம் தேசத்தில் உபயோகிப்பது, அதன் கொடுமை கருதியே தடை செய்யப்பட்டுள்ளது. புகையிலைக் கொல்லைகளில் பனி ஈரத்துடன் பச்சையிலையைப் பறிக்கும் ஆட்களுக்கு, தோல் வழியாகவே நஞ்சேறி வாந்தியும் மயக்கமும் உண்டாவதுண்டு. அசுவினிக்கு நஞ்சாவது ஆளுக்கு விருந்தாகாது.

ஆயினும் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நிகோடின் அன்று. நிகோடின் அவனைப் பிடித்து வைக்கிறது. பிடிபட்டவனை மாய்ப்பது புகையிலுள்ள மற்றப் பொருள்களாம். அப்புகையில் 7,000-க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் இருப்பதாகவும், அவற்றுள் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்க வல்லவை என்றும் கண்டறிந்துள்ளனர்.

பீடி இலேசானது என்னும் தப்பெண்ணம்

சிகரெட்டு கெடுதல், பீடி நாட்டுச் சரக்கு, ஆதலால் கெடுதல் குறைவு என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். பீடியில் புகையிலைத் தூள் குறைவு என்பது உண்மையே. ஆனால் அதனைச் சுற்றியுள்ள தெந்து மரத்து இலை காற்றை எளிதில் விடாது. அணைந்து போகாமலிருக்க, குடிப்பவர் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே தாரும், நிகோடினும், கரியமில நச்சுவாயுவும் சிகரெட்டுக்குக் குறையாத அளவிலும், சில வேளைகளில் அதற்கு மிகுந்தும் நெஞ்சினுள் செல்லுகின்றன. 2008-ஆம் வருஷத்தில் வெளியான, இந்தியா முழுவதையும் பற்றிய ஓர் ஆராய்ச்சியின்படி, பீடி குடிக்கும் ஆண்கள் சராசரி சுமார் 6 வருஷ ஆயுளையும், பீடி குடிக்கும் பெண்கள் சுமார் 8 வருஷ ஆயுளையும், சிகரெட்டுக் குடிக்கும் ஆண்கள் சுமார் 10 வருஷ ஆயுளையும் இழக்கின்றனர்.

வாயில் அடக்கும் புகையிலையும் அங்ஙனமே. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் தோன்றுவதும், காரம் பட்டால் எரிவதும், வாய் முன்போல் திறவாமையும் வாய்ப்புற்றுக்கு முன்னறிகுறிகளாக இருக்கக்கூடும். புகையிலையை நீக்கி வெறும் வெற்றிலை பாக்குக் கொடுத்தால் போதாதோ என்று கேட்பவருக்கு ஒன்று கூறவேண்டும். பாக்கும் தனியே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ஆம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் முடிவு கூறியுள்ளது. ஆகவே பீடிக்குப் பதில் பாக்கு என்பது பரிகாரம் ஆகாது.

க்ஷயரோகமும் புகையும்

நம் ஜில்லாவுக்கு வடக்கே சென்னை, தெற்கே விழுப்புரம். இவ்விரண்டு இடங்களிலும் நடத்திய பெரியதோர் ஆராய்ச்சியின் முடிவு 2003-ஆம் வருஷத்தில் லண்டன் வைத்தியப் பத்திரிகையாகிய லான்செட்டில் வெளியாயிற்று. 1990-களின் பிற்பகுதியில் இறந்த 43,000 ஆண்களின் பழக்கங்களை அவர்தம் வீட்டாரிடம் விசாரித்தறிந்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கங்களுடன் ஒப்பிட்டு நோக்கினர். புகை குடிப்பவர் க்ஷயரோகத்தால் இறப்பது, குடியாதவரைக் காட்டிலும் சுமார் நான்கு மடங்கு என்று தெரியவந்தது. இந்தியாவில் க்ஷயத்தால் மாளும் ஆண்களில் பாதிப்பேரின் சாவுக்குப் புகை காரணமாகிறது என்றும் அவ்வாராய்ச்சியாளர் கணக்கிட்டனர்.

இம்முடிவு நம் கிராமத்தாருக்கு முக்கியமானது. புகையிலை என்றால் புற்றுநோய், அதுவும் முதுமையில் வருவது, அதற்குள் எத்தனையோ வந்துபோகும் என்று ஆட்கள் சொல்லித் தேறுதல் அடைகின்றனர். க்ஷயமோ முப்பதிலும் நாற்பதிலும் வருவது. வந்தால் வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. மூட்டை தூக்குபவன் ஆறு மாதம் மருந்து உண்ணவேண்டும். சர்க்கார் மருந்தை இலவசமாகக் கொடுத்த போதிலும், அம்மாதங்களின் கூலியை ஈடுசெய்வார் யாவர்? ஒரு பட்டம் முழுவதும் அவ்வீட்டில் அடுப்பு எரிவது அரிது.

மாமல்லபுரத்தில் கல்தச்சு வேலை செய்வோருக்கு இவ்வபாயம் இருமடங்காகும். கருங்கல்லைச் செதுக்கும்போது எழும் நுண்ணிய தூசி நுரையீரலில் படிந்து அதனைக் கட்டிப்படுத்துகிறது. அங்ஙனம் படிந்த நெஞ்சில் க்ஷயம் எளிதில் குடிகொள்ளும். அதன்மேல் பீடிப்புகையும் சேருமாயின் கேட்பானேன்? கடலோரத்து மீனவர்களோ, இரவில் வலை போட்டுக் காத்திருக்கும் நேரத்தில் தூக்கத்தையும் குளிரையும் பசியையும் அடக்குவதற்கென்று பீடியையும் பொட்டலப் புகையிலையையும் நாடுகின்றனர். எரிபொருளும் நைலான் வலையும் ஒருங்கே இருக்கும் படகில் நெருப்புக் குச்சி கிழிப்பது எத்தகைய செயல் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

நெருப்பினால் வரும் நஷ்டம்

1860-களில் ரயில் இஞ்சின்களுக்கு விறகு வேண்டி இக்கடற்கரையில் புகுத்தப்பட்ட சவுக்கு, இன்று கரையோரத்து நிலமுடையோருக்கு நல்ல வரும்படி தரும் மரமாக இருக்கிறது. அதன் சருகு பங்குனி, சித்திரை மாதங்களில் பஞ்சுபோல் உலர்ந்து கிடக்கும். வெட்டும் ஆள் அணையாத பீடித்துண்டை எறிந்தால், நாலு வருஷத்து வளர்ச்சி நாலு நாழிகையில் சாம்பலாகும். வைக்கோற்போரும் களத்து நெல்லும் கூரை வீடும் அங்ஙனமே. போருக்கு அருகில் ஆட்களை இளைப்பாறச் செய்து, அவர்கள் கையில் பீடியும் நெருப்புப் பெட்டியும் கொடுப்பது நிலமுடையவரே தம் பொருளுக்குத் தாமே வைக்கும் தீயாகும்.

செலவுக் கணக்கு

ஒருவர் நாளொன்றுக்குப் புகையிலைக்கென 30 ரூபாய் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 10,950 ரூபாய் ஆகிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றின் விலை 266 ரூபாய் 50 காசு. ஆகவே அவர் ஊதித் தள்ளியது 41 மூட்டை யூரியாவாகும். சிறு குடியானவர் ஒருவரின் நிலத்துக்கு இஃது எத்தனை வருஷத்துத் தேவை என்பதை அவரவரே கணக்கிட்டுக் கொள்ளலாம். நம் ஜில்லாவில் புகையிலை பிரதான பயிர் அன்று. அதனால் இப்பணம் நம் கிராமத்தில் ஒருவர் கையிலும் தங்காமல் வெளியே சென்றுவிடுகிறது.

இதுவரை நடந்த முயற்சிகள்

புகையிலையைக் கட்டுப்படுத்தும் மத்திய சர்க்கார் சட்டம் 2003-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்டது. பொது இடங்களில் புகை குடித்தலுக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்றலும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்றலும் குற்றமாகும். பொது இடங்களைப் பற்றிய விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2-ஆம் தேதி முதல் அமுலுக்கு வந்தன. குட்கா போன்ற மெல்லும் சரக்குகளுக்கு நம் மாகாணத்தில் 2013 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையால் தடை விதித்துள்ளனர்.

தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2007-08-ஆம் வருஷத்தில் முதன்முதல் 9 மாகாணங்களில் 18 ஜில்லாக்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. அவற்றுள் தமிழ்நாட்டுக்குரியவை இரண்டு: காஞ்சிபுரமும் விழுப்புரமும். செங்கல்பட்டு தனி ஜில்லாவாகப் பிரிந்தது 2019 நவம்பரிலேயாதலின், அக்காலத்தில் நம் கிராமங்கள் காஞ்சிபுரத்தைச் சேர்ந்திருந்தன. ஆகவே இம்முயற்சி நமக்குப் புதிதன்று. தேசத்திலேயே அதனை முதலில் கண்ட ஜில்லாக்களுள் நம்முடையதும் ஒன்று.

அதன் பலன் யாது? 2009-10-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 34.6 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை உபயோகித்தனர். 2016-17-இல் அத்தொகை 28.6 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டிலோ அதே காலத்தில் 16.2-லிருந்து 20 ஆக ஏறியது. மொத்தத்தில் நம் மாகாணம் தேசத்தினும் நல்ல நிலையில் இருப்பது உண்மையே. எனினும் தேசம் இறங்குகையில் நாம் ஏறினோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் ஆபீசிலும் பள்ளியிலும் ரயிலடியிலும் செல்லும். வயல் வரப்புக்கும் களத்துமேட்டுக்கும் அது வந்து எட்டுவதில்லை. அங்கு அதிகாரம் உடையவர் நிலத்துக்குரியவரே. அவரே பீடிக்கட்டை நீட்டும்போது, பஞ்சாயத்துச் சுவரில் எழுதிய எச்சரிக்கை எவ்வாறு பயன்படும்?

கிராமங்களில் நேராகச் சென்று உழைத்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. 1970-களின் பிற்பகுதி தொடங்கி, பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பல் வைத்தியர்கள், கேரளத்து எர்ணாகுளம், ஆந்திரத்து ஸ்ரீகாகுளம், குஜராத்துப் பாவநகர் ஆகிய ஜில்லாக்களின் கிராமங்களில் 36,000-க்கு மேற்பட்ட புகையிலை உபயோகிப்போரை நேரிற் கண்டு, வாயைப் பரிசோதித்து, அறிவுரை கூறினர். எர்ணாகுளத்தில், அறிவுரை பெறாத தொகுதியினரைவிடப் பெற்ற தொகுதியினருள் மிகுதியானோர் பழக்கத்தை விட்டனர். புற்றுநோய்க்கு முன்னோடியான வெள்ளைப் படலமும் அவர்களிடையே குறைந்தது. கேட்டவர் யாவரும் விட்டார் அல்லர். ஆயினும் ஒருவர் வீட்டுக்கு மற்றொருவர் சென்று, பெயர் சொல்லி அழைத்துப் பேசியதன் பலன் கண்கூடாயிற்று. நாகாலாந்தில் கரிஃபேமா என்னும் கிராமம் 2014 மே 31-ஆம் தேதி புகையிலையற்ற கிராமமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கு முன்னின்றது கிராமச் சபையே. ஊரார் தாமே செய்துகொண்ட கட்டுப்பாடாதலின் அது ஊரிலே வேரூன்றியது.

எனது பிழை

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை மறைத்தல் தகாது. 2007-ஆம் வருஷ வாக்கில், வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்களே ஆன நிலையில், ஒற்றை நாற்று நடவைப் பரப்புவதற்காக ஒரு கிராமத்தில் செயல்விளக்கம் நடத்தினேன். கூட்டம் சேரவேண்டும் என்ற ஆசையால், வரப்பின்மேல் தேநீரும் வடையும் வைத்ததோடு, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் நாலைந்து பீடிக்கட்டும் வைத்தேன். அவ்வாறு வைப்பதே மரியாதை என்று எனக்குச் சொல்லியிருந்தனர். கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. உருளைக் களைக்கருவி ஓட்டிக் காட்டியதும் திருப்திகரமாக முடிந்தது. அந்த வெற்றியைக் கண்டு பின்னும் பல வருஷம் இவ்வாறே தட்டு வைத்து வந்தேன்.

சென்ற வருஷம் அதே கிராமத்துக்கு நிலக்கடலை விதை சம்பந்தமாகச் சென்றிருந்தேன். முப்பது வயது கடந்த ஒருவர் வந்து வணங்கினார். உடல் மெலிந்திருந்தது. "ஐயா, என்னை நினைவில்லையா? அன்று களைக்கருவி ஓட்டியவரின் மகன் நான்" என்றார். பேச்சின் இடையே, தாம் க்ஷயரோகத்துக்கு ஆறு மாதம் மருந்து உண்டு எழுந்ததையும், அந்தப் பட்டத்தில் தம் மனைவி தனியே மூன்று வீட்டு நிலத்துக்கு நடவுக்குப் போனதையும் கூறினார். டாக்டர் பீடியை விடச் சொன்னதையும், எவ்வளவு முயன்றும் அதனை விடமுடியாமல் தாம் தவிப்பதையும் சொன்னார். எப்பொழுது தொடங்கினீர் என்று கேட்டேன். "பதினைந்து வயதில், ஐயா. நீங்கள் வரப்பில் வைத்த தட்டிலேதான் முதலில் எடுத்தேன். பெரியவர்கள் எல்லோரும் எடுத்தார்கள், நானும் எடுத்தேன்" என்றார்.

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பழைய நாளின் நினைவாகவே, சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கோ பதில் வரவில்லை. விதையை ஆராய்ந்து பொறுக்கிக் கொடுக்கக் கற்றவன், தட்டில் வைத்ததை ஆராயவில்லை. இக்கட்டுரை எழுதத் துணிந்ததற்குக் காரணம் இதுவே.

நிலமுடையோர் செய்யவேண்டியவை

1. பீடி வெற்றிலைச் செலவென்று கொடுக்கும் தொகையை அறவே நிறுத்துதல் கூடாது. அதனைக் கூலியோடு சேர்த்து ரொக்கமாகக் கொடுத்துவிட வேண்டும். நிறுத்தினால் ஆட்கள் அதைக் கூலிக் குறைப்பாகவே கொள்வர். அஃது நியாயமும் ஆகும். நோக்கம் புகையிலையை நீக்குவதேயன்றிச் செலவை மிச்சம் பிடிப்பதன்று.

2. இளைப்பாறும் நேரத்தில் பீடிக்குப் பதிலாக மோரோ, பானகமோ, வறுத்த வேர்க்கடலையும் வெல்லமுமோ கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்பவனுக்கே புகையின் நாட்டம் மிகுதி. வயிற்றில் ஏதேனும் விழுந்தால் அது சற்றுத் தணியும்.

3. ஒருவர் மாத்திரம் நிறுத்தினால் ஆட்கள் அடுத்த களத்துக்குப் போய்விடுவர் என்ற அச்சம் இயல்பே. ஆகவே பட்டம் தொடங்குமுன், ஒரே வாய்க்காலில் பாயும் நிலத்தார் ஒன்றுகூடிப் பேசி ஒரே முறையாகச் செய்தல் வேண்டும். மேற்கூறிய கிராமத்தில் சிலர் சென்ற நவரைக்கு இவ்வாறு உடன்பட்டனர். முதல் வாரம் இரண்டு ஆட்கள் வரவில்லை. ரொக்கம் கூடியிருப்பதை அறிந்தபின் வந்தனர். ஆட்கள் பீடியை விட்டுவிட்டனர் என்று நான் சொல்லேன். தம் காசில் வாங்கித் தம் வீட்டில் குடிப்பவர் இருக்கின்றனர். ஆனால் அக்களத்தில் இன்று சிறுவன் எவனும் தட்டிலிருந்து எடுப்பதில்லை.

4. களம், வைக்கோற்போர், சவுக்குத் தோப்பு ஆகியவற்றில் நெருப்புக் கூடாது என்பதை வேலை பேசும்போதே சொல்லிவிட வேண்டும். பின்னர் கண்டிப்பதைக் காட்டிலும் முன்னர் பேசுவது மேல்.

5. பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிப் பீடி வாங்கிவரச் சொல்லுதல் கூடவே கூடாது. கட்டைக் கொண்டுவந்த கை நாளடைவில் கட்டைப் பிரிக்கும்.

6. கலியாணம், காதுகுத்து, கருமாதி முதலிய காரியங்களில் பீடி சிகரெட்டுத் தட்டு வைப்பதை ஊரில் பெரிய வீட்டார் முதலில் நிறுத்தவேண்டும். அவர்கள் நிறுத்தினால், வசதியற்றவரும் கருமி என்ற பெயருக்கு அஞ்சாமல் நிறுத்த இடமுண்டாகும்.

கிராம அதிகாரிகள் செய்யவேண்டியவை

முன்னாளில் முன்சீபும் கர்ணமும் செய்துவந்த வேலையை 1980-க்குப் பின் கிராம நிர்வாக அலுவலர் செய்து வருகிறார். அவரும் ஊராட்சித் தலைவரும் தத்தம் அலுவலகத்திலும், கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலும் புகை குடித்தலைத் தடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். அதிகாரியே திண்ணையில் சிகரெட்டுப் பற்றவைத்துக்கொண்டு பட்டா விசாரித்தால், சுவரிலுள்ள பலகை கேலிக்கு இடமாகும். பள்ளியிலிருந்து 100 கெஜத்தை அளந்து, அதற்குள் கடை வைத்திருப்பவரை முதலில் நயமாக அழைத்துப் பேசவேண்டும். அவரும் ஊர்க்காரரே. புகையிலையை எடுத்துவிட்டால் வேறு எச்சரக்கு விற்கும் என்பதையும் அவரோடு கலந்து யோசித்தல் நன்று.

அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. பொது இடப் புகைத்தடை விதிகள் அமுலுக்கு வந்ததும் அத்தேதியே. அச்சபையில், கூலியுடன் புகையிலை கொடுப்பதில்லை என்று ஊரார் தீர்மானம் இயற்றலாம். கடற்கரைக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரின் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. படகில் புகை கூடாது என்று அவர்கள் கூறுவது எந்தச் சர்க்கார் நோட்டீசினும் வலிவுடையதாகும்.

பழக்கத்தை விட விரும்புவோருக்கு

விட விரும்பியும் விடமாட்டாதாரை இகழ்தல் கூடாது. அவர்களைப் பிடித்திருப்பது மனத்தளர்ச்சி மாத்திரம் அன்று, நிகோடினுமாம். விட்ட முதல் மூன்று நாட்கள் எரிச்சலும், தூக்கமின்மையும், தலைவலியும் மிகும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் அவை படிப்படியாகத் தணியும். இதனை முன்னரே அறிந்திருப்பவர் இடையில் சோர்வடையார். ஆதலின் வேலை நெருக்கடி மிகுந்த நடவுக் காலத்தில் தொடங்காமல், சற்று ஓய்வான வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு நிறுத்துதல் நலம். பீடியும் நெருப்புப் பெட்டியும் வீட்டில் இருக்கலாகாது. நாட்டம் எழும்போது தண்ணீர் குடித்து, கைக்கு வேலை கொடுத்தால் சில நிமிஷங்களில் அது கடந்துபோகும். ஒருமுறை தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று எண்ண வேண்டாம். நாற்று அழுகினால் மறு நாற்றங்கால் விடுகிறோம் அல்லவா?

பழக்கத்தை விட உதவும் தேசியத் தொலைபேசிச் சேவை 1800-11-2356 என்னும் எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002-ஆம் வருஷம் முதல் இதற்கென ஒரு நிலையம் நடைபெற்று வருகிறது. செங்கல்பட்டு அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் டாக்டர்களை அணுகலாம். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலையும், ஆறாத வாய்ப்புண்ணையும் எக்காரணம் பற்றியும் தள்ளிப்போடுதல் கூடாது.

விட்டதன் நன்மை விரைவிலேயே தொடங்குகிறது. அரை நாளில் இரத்தத்திலுள்ள கரியமில நச்சுவாயு இயல்பான அளவுக்கு இறங்குகிறது. ஒரு வருஷத்தில் மாரடைப்பின் அபாயம் ஏறக்குறையப் பாதியாகிறது. பத்து வருஷத்தில் நுரையீரற் புற்றுநோயால் இறக்கும் அபாயமும் பாதியளவுக்குக் குறைகிறது. ஐம்பது வயதில் விட்டாலும் பயனுண்டு. முப்பதில் விட்டவர் இழந்திருக்கக்கூடிய ஆயுளில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறுவர்.

நமது வயலில் வேலை செய்வோர் நம்மை நம்பி வருகின்றனர். நாம் கொடுப்பதை நல்லதென்று கருதி வாங்குகின்றனர். அவர்களுள் சிறுவரும் நின்று பார்க்கின்றனர். மேலே கூறியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. புதிய கருவி ஒன்றும் வேண்டா. ஒரு தட்டில் இருப்பதை மாற்றினால் போதும். வருகிற சம்பா நடவுக்கு ஆள் பேசும்போதே நிலமுடையோர் இதனைத் தொடங்குவார்களாக. எனது செயல்விளக்கக் கூட்டங்களில் இனி அத்தட்டு இராது. வரும் அன்பர்கள் மோர் அருந்தி மகிழ்வார்கள் என்று நம்புகிறேன்.